மேடையில் பாடி நடிக்கும் பெண்ணின் தொழில்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இசை நாடகத்தில் பாடி நடிக்கும் பெண்ணாக வாழ முடியுமா என்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெகிவளைப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களைவிட அவர்களின் அம்மாமார் கூடுதலாகக் கேட்கிறார்கள். நான் மேடையில் பாடி நடித்தவள். இப்போது கொழும்பில் குரற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறேன். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

இந்தத் தொழிலில் இருப்பவர் பாடகியா, நடிகையா?

இரண்டும்தான். ஆனால் பாட்டையும் நடிப்பையும் தனித்தனியாகப் படித்துவிட்டு மேடையில் ஒட்டவைக்க முடியாது. கச்சேரியில் பாட்டுத்தான் விஷயம். இசை நாடகத்தில் பாட்டு ஒரு செயல். பாட்டுத் தொடங்கும்போது அந்தப் பெண்ணுக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. முடியும்போது அது கிடைத்திருக்கும், அல்லது கைவிட்டுப் போயிருக்கும்.

அரிச்சந்திரன் கதையின் மயான காண்டத்தை எடுங்கள். சந்திரமதி பாம்பு கடித்து இறந்த மகனைச் சுடலைக்குக் கொண்டு வருகிறாள். அங்கே காவல் நிற்பவன் தன் கணவன் என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளையை எரிக்க விடு என்று அவனிடம் மன்றாடுகிறாள், அந்த மன்றாட்டம் முழுவதும் பாட்டில்தான் நடக்கிறது. முகாரியை எவ்வளவு சுத்தமாகப் பாடினாலும், எதிரே நிற்பவனிடம் கேட்க மறந்துவிட்டால் காட்சி அங்கேயே நின்றுவிடும். என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் முதல் நாளிலேயே நான் கேட்பது இதைத்தான்: யாரிடம் பாடுகிறாய், அவரிடம் உனக்கு என்ன வேண்டும்?

தமிழரிடம் இப்படியொரு மரபு இருக்கிறதா, இல்லை இது மேல்நாட்டுச் சரக்கா?

இருக்கிறது, அதுவும் வலுவாக. ஒரு பிள்ளை ஆங்கில இசை நாடகம் ஒன்றைப் பார்த்துவிட்டு "எங்களிடம் இப்படி ஒன்றும் இல்லையே" என்று சொல்லும்போது எனக்கு உண்மையாகவே மனம் நோகும்.

தமிழ் நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்கள் பாட்டாலேயே நடப்பவை. ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி) என்று ஆட்களைப் பிரித்து, ஆர்மோனியக்காரரை மேடைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடிய விடிய ஆடினார்கள். அந்தக் கம்பனிகள் கடல் கடந்து இலங்கைக்கும் வந்தன. யாழ்ப்பாணத்தில் அது வேரூன்றி எங்களுடைய இசை நாடகமாக வளர்ந்தது. காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திரனாக மயானத்தில் நின்று பாடுவதைக் கேட்கக் கோயில் வீதிகளில் சனம் விடியும்வரை இருந்தது. மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் இருக்கின்றன. கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, ஆடுபவரே பாட, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவார்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தை நகர மேடைக்கு ஏற்றபடி சுருக்கிக் கொண்டுவந்தார்.

கொழும்புக்கும் இதில் பங்குண்டு. மருதானையில் 1911இல் திறந்த டவர் மண்டபம் சிங்கள நூர்த்தி நாடகங்களின் வீடாக இருந்தது. நூர்த்தி, பார்சி நாடகக் கம்பனிகளிடமிருந்தும் வட இந்திய ராகங்களிலிருந்தும் எடுத்துக்கொண்ட வடிவம். எங்கள் இசை நாடகமும் அதே பார்சி மேடையிடம் கடன் வாங்கியதுதான். திரைச்சீலை, ஆர்மோனியம், காட்சிக்குக் காட்சி பாட்டு எல்லாம் அந்த வழியாக வந்தவை. ஆக, ஒரே காலத்தில் இரண்டு மொழிக்காரரும் ஒரே விதமான பாட்டு நாடகத்தை ரசித்திருக்கிறார்கள்.

அந்த மரபில் பெண்கள் எங்கே?

நீண்ட காலம் பெண் வேடத்தையும் ஆண்களே போட்டார்கள். அதை உடைத்த பெண்களில் பெரியவர் கொடுமுடியில் 1908இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள். இளவயதிலேயே நாடகக் கம்பனியில் சேர்ந்தார். இலங்கைக்கும் வந்து பாடி நடித்தார். எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து அவர் மேடையேறியபோது இரண்டு குரலையும் கேட்பதற்கென்றே கூட்டம் வந்தது. 1927இல் இருவரும் மணம் செய்தார்கள். கிட்டப்பா 1933இல் இறந்தபோது இவருக்கு 25 வயது. அதன்பின் வெள்ளைச் சேலைதான், ஆனால் பாட்டை விடவில்லை. 1935இல் வந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடிக்க அவர் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் அந்தக் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத தொகை. ஆண்கள் பெண் வேடம் போட்ட மேடையிலிருந்து வந்த ஒரு பெண், ஆண் வேடத்தில் நடித்து அவ்வளவு பணம் வாங்கினார் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் பெருமை.

ஒலிவாங்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அந்தத் தலைமுறை உச்ச சுருதியில் பாடியது. பழைய இசைத்தட்டுகளைக் கேட்கிற பிள்ளைகள் "ஏன் இப்படி உயரப் பாடுகிறார்கள்" என்று கேட்பார்கள். காரணம் இதுதான்.

கர்நாடக சங்கீதம் படித்திருக்கிறேன். அது போதுமா?

நல்ல அத்திவாரம், ஆனால் போதாது. வட இலங்கைச் சங்கீத சபைத் தேர்வுகளில் படிப்படியாக ஏறி வந்த பிள்ளைக்குச் சுருதியும் தாளமும் கையில் இருக்கும். மெட்டை ஒருதரம் கேட்டால் பிடித்துவிடும். அந்தச் செவி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. குறை வருவது வேறு மூன்று இடங்களில்.

முதலில் சுருதி. கச்சேரியில் உங்கள் குரலுக்குப் பொருந்துகிற சுருதியை நீங்களே வைத்துக்கொள்வீர்கள். பெண்கள் அநேகமாக ஐந்து கட்டையிலிருந்து ஆறு வரை வைப்பார்கள் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). மேலைத்தேய இசை நாடகத்தில் பாட்டின் சுருதியை முன்பே எழுதி வைத்திருப்பார்கள். வாத்தியக் குழு அதில் வாசிக்கும், நீங்கள்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். இதற்குப் பயப்படத் தேவையில்லை. ஐந்து கட்டையில் பாடுகிறவரின் தாரஸ்தாயிப் பஞ்சமம் (மேல் ஸ்தாயியின் ப), பியானோவின் நடு ஸியிலிருந்து ஒரு ஸ்தாயி தாண்டி வருகிற டி. கதாநாயகி நெஞ்சுக் குரலில் உரத்துப் பாடுகிற பல பாட்டுகளின் உச்சம் அதற்குக் கிட்டத்தான் நிற்கும். அந்தச் சுரங்களை நீங்கள் ஏற்கெனவே தினமும் தொட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்தது தலைக்குரல். எங்களுடைய ஆசிரியர்களில் பலர் அதைக் கள்ளக்குரல் என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். அதனால் நல்ல சங்கீதப் பிள்ளைகளுக்குக்கூட உச்சியில் குரல் திடீரென்று உடையும். தலைக்குரல் கள்ளம் இல்லை. குரல்நாண்கள் மெலிந்து நீண்டு அதிர்கிற இயல்பான ஒரு நிலை அது. நெஞ்சுக் குரலும் தலைக்குரலும் எங்கே கைமாறுகின்றன என்று காது பிடிக்காதபடி இரண்டையும் கலந்து பாடப் பழக வேண்டும். இதற்கு மாதங்கள் பிடிக்கும். வாயை மூடி முனகுவது, உதடு படபடக்க ஒரு சரளி வரிசை பாடுவது, உயரத்திலிருந்து கீழே வழுக்கி வருவது என்று சின்னப் பயிற்சிகள்தான். தினமும் செய்ய வேண்டும்.

கடைசியாகக் கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது. பல்லவியை நிரவல் செய்து வளர்த்த பழக்கத்தில் சொல்லுக்கு மேல் அசைவு வைப்போம். நாடகத்தில் கேட்பவர் கதையைப் பின்தொடர்ந்துகொண்டிருக்கிறார், சொல் ஒன்று மறைந்தால் அவருக்குக் கதையே விட்டுப்போகும். நான் பிள்ளைகளை முதலில் பாட்டை வசனமாகப் பேசச் சொல்வேன். அப்புறம் தாளத்தோடு பேச வேண்டும். பிறகுதான் சுரம். பேசும்போது எந்தச் சொல்லில் குரல் தானாக எழும்புகிறதோ அந்தச் சொல்லில் மட்டும் ஒரு கமகம் வைத்துக்கொள்ளலாம்.

மேலைத்தேயப் பாட்டு மட்டும் படித்த பிள்ளை தமிழ் மேடையில் பாடலாமா?

தாராளமாக. ஆனால் தமிழை வாயில் திருத்த வேண்டும். ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை குறில் நெடில். நீண்ட சுரத்தில் குறில் விழுந்தால் அதை இழுத்துவிடுவார்கள், 'விடு' என்பது 'வீடு' ஆகிவிடும். குறிலைச் சட்டென்று சொல்லி மெய்யெழுத்தில் நிற்பதா, இசையமைப்பாளரிடம் சொல்லி மெட்டைக் கொஞ்சம் மாற்றுவதா என்று ஒத்திகையின் ஆரம்பத்திலேயே முடிவெடுக்க வேண்டும்.

எந்த மொழியில் நடிப்பது?

கொழும்புப் பிள்ளைக்கு மூன்று கதவும் திறந்திருக்கின்றன, மூன்றையும் தட்டுங்கள்.

பெரிய வாத்தியக் குழு, நடனம், மேடை விளக்குகளோடு ஆங்கில இசை நாடகம் பார்க்க வேண்டும் என்றால் கொழும்பு ஏழில் உள்ள லயனல் வென்ட் அரங்குக்குத்தான் போக வேண்டும். வேர்க்ஷொப் பிளேயர்ஸ் குழு பல ஆண்டுகளாக உலகப் புகழ்பெற்ற இசை நாடகங்களை இங்கே மேடையேற்றியிருக்கிறது. பள்ளிப் பருவத்தில் கோரஸில் (சேர்ந்து பாடும் குழுவில்) நின்று பிறகு பெரிய பாத்திரங்களுக்கு வந்தவர்கள் இந்த மேடையில் நிறையப் பேர்.

சிங்கள மேடையில் பாடி நடிப்பதற்கு ஆழமான மரபு உண்டு. எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' 1956 நவம்பர் 3ஆம் திகதி லயனல் வென்டில்தான் முதலில் ஏறியது. அவர் அடிப்படையாக வைத்த நாடகம என்ற வடிவம் தமிழ்க் கூத்திலிருந்து வந்தது. சிங்களம் ஓரளவு கதைக்கத் தெரிந்த ஒரு தமிழ்ப் பிள்ளை அந்தப் பாட்டுகளைப் படிக்கப் போனால், மத்தள அடியிலும் விருத்தம் எடுக்கும் முறையிலும் எங்கேயோ கேட்ட குரல் கேட்கும்.

தமிழில் மேடைகள் இருக்கின்றன. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம், வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், பம்பலப்பிட்டியில் கதிரேசன் மண்டபம், சரஸ்வதி மண்டபம். குறைவாக இருப்பது புதிய இசை நாடகங்கள். 1970களில் கொழும்பில் தமிழ் நாடகம் உயிரோடு இயங்கியது. 1983 ஜூலைக்குப் பிறகு எழுதியவர்கள், நெறிப்படுத்தியவர்கள், நடித்தவர்கள் பலர் நாட்டைவிட்டே போக வேண்டி வந்தது. அந்த இடைவெளி இன்னும் முழுதாக நிரம்பவில்லை. தமிழில் பாடி நடிக்க ஆசைப்படுகிற பெண் தனக்கு வேண்டிய நாடகம் உருவாவதற்கும் கை கொடுக்க வேண்டியிருக்கும். இதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

எங்கே படிக்கலாம்?

பள்ளியில் 'நாடகமும் அரங்கியலும்' சாதாரண தரத்துக்கும் உயர் தரத்துக்கும் ஒரு பாடம். உங்கள் பள்ளியில் இருந்தால் எடுங்கள். தமிழ்மொழித் தினப் போட்டிகளில் பாட்டு, நாடகம் இரண்டிலும் நில்லுங்கள். மேடைப் பயம் போக அதைவிடச் சுலபமான இடம் இல்லை.

தமிழில் பட்டப்படிப்பு என்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பிரிவு (இப்போது அது தனிப் பீடம்), மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம். கொழும்பில் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே சிங்களம்தான் கூடுதலாகப் புழங்கும். மேலைத்தேயக் குரலிசைக்கு ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி என்ற பிரித்தானிய இசைத் தேர்வு நிறுவனங்கள் இரண்டின் தரத் தேர்வுகளையும் கொழும்பிலிருந்தே எழுதலாம். ஏபிஆர்எஸ்எம்மில் இசை நாடகப் பாட்டுக்கென்றே ஒரு தேர்வும் உண்டு.

சான்றிதழ் வேலை கேட்கும்போது உதவும். நெறியாளர் அதைப் பார்த்துப் பாத்திரம் கொடுக்கமாட்டார்.

நடனமும் தெரிய வேண்டுமா?

உடம்பு சொன்னபடி கேட்க வேண்டும். பரதம் படித்திருந்தால் நிற்கவும் திரும்பவும் தெரியும், அது போதும் தொடங்குவதற்கு. முக்கியமானது ஆடிக்கொண்டே பாட மூச்சு இருப்பது. வேகமாக நடந்துகொண்டு ஒரு பாட்டை முழுதாகப் பாடிப் பாருங்கள். காலி முகத்திடல் காலையில் அதற்கு நல்ல இடம்.

பாத்திரத் தேர்வுக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

ஒடிஷன் என்றதும் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த மிகக் கடினமான பாட்டை எடுத்துக்கொண்டு போவார்கள். அது வேண்டாம். மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் தேடுவது இந்தப் பெண்ணோடு மாதக் கணக்காக வேலை செய்யலாமா, கதையைச் சொல்லுகிறாளா, சொன்னதைக் கேட்டு மாற்றுகிறாளா என்பதைத்தான்.

இரண்டு பாட்டு வைத்திருங்கள். ஒன்று மெதுவாகப் போவது, ஒன்று துள்ளி நடப்பது. ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடத்துக்குள் பாடக்கூடிய நல்ல பகுதியைத் தெரிந்து வையுங்கள், பல இடங்களில் அவ்வளவுதான் நேரம் தருவார்கள். பியானோ வாசிப்பவருக்குச் சரியான சுருதியில் எழுதிய இசைத்தாள் வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் நாங்கள் கேட்டுக் கேட்டுப் படித்தவர்கள். மேலைத்தேயச் சுரக்குறிப்பு வாசிக்கப் படியுங்கள். ஸரிகம கையில் இருக்கிறவருக்கு அது சில மாத வேலை. இசைத்தாளில் எந்த இடத்தில் தொடங்குகிறீர்கள், எந்த வேகம் என்று வாசிப்பவரிடம் பணிவாகச் சொல்லுங்கள். அவர்தான் அந்த நிமிடம் உங்களைத் தாங்கப் போகிறவர்.

ஒரு சின்ன வசனமும் பாடமாக இருக்கட்டும். பாடி முடித்ததும் நெறியாளர் "இதையே கோபமாகப் பாடுங்கள்" என்று சொன்னால் முகம் சுழிக்காதீர்கள். பிடித்திருப்பதால்தான் இன்னொருதரம் கேட்கிறார்.

கோரஸில்தான் இடம் கிடைத்தது. போவதா?

போங்கள். நான்கு குரல் சேர்ந்து பாடும்போது நடுக்குரலைப் பிடித்து நிற்கப் படிப்பது கோரஸில் மட்டும்தான். ஒற்றை இழையில் பாடிப் பழகிய எங்களுக்கு அது மிகவும் தேவை.

ஒத்திகை இரவு வரை நீள்கிறதாம். மகளை எப்படி அனுப்புவது?

அம்மாமாரின் கேள்வி, நியாயமான கேள்வி. பகலில் எல்லாரும் படிப்பு, வேலை என்று இருப்பதால் ஒத்திகை பின்னேரத்தில்தான் தொடங்கும். காட்சி நெருங்கும் கிழமையில் இரவு பத்து மணி தாண்டும்.

முதல் நாளே குழுவிடம் கேளுங்கள்: எத்தனை மணிக்கு முடியும், வீட்டுக்கு எப்படி அனுப்புவீர்கள், உடை மாற்றத் தனி அறை இருக்கிறதா, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பொறுப்பாக யார் நிற்பார்? நல்ல குழு இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது. ஒரே பக்கம் போகிற பிள்ளைகளைச் சேர்த்து ஒரு வாகனத்தில் அனுப்பும் ஒழுங்கைப் பல குழுக்கள் செய்கின்றன. தனியாக வந்து பாடிக் காட்டு என்று இரவில் வீட்டுக்கு அழைக்கிறவரிடம் போகக் கூடாது. அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. தொட்டு நடிக்கும் காட்சி இருந்தால் எங்கே, எப்படி என்று முன்பே பேசி, அதே அளவில் ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும். பிடிக்கவில்லை என்றால் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு, அதை வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

ஒரு தகப்பனோ தாயோ ஒரு நாள் ஒத்திகையைப் பின்வரிசையில் இருந்து பார்க்கக் கேளுங்கள். பார்த்தவர்களில் பலர் அதன்பின் மகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பத் தொடங்கிவிடுவார்கள்.

தொண்டையைப் பாதுகாக்க என்ன செய்வது?

பேசும்போது ஒரு பெண்ணின் குரல்நாண்கள் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 200 தடவை ஒன்றோடொன்று படுகின்றன. மேலே சொன்ன அந்த உச்ச டியைப் பாடும்போது அது 587. இரண்டு மணி நேர நாடகத்தில் எத்தனை லட்சம் தடவை என்று யோசித்தால் ஏன் இவ்வளவு கவனம் சொல்கிறேன் என்று விளங்கும்.

குடிக்கிற தண்ணீர் குரல்நாண்களில் நேரே படாது, உணவுக் குழாய் வழியே போய் உடம்பில் சேர்ந்துதான் அங்கே வரும். மேடையேறும் முன் ஒரு போத்தல் குடிப்பதால் பயனில்லை, காலையிலிருந்தே குடித்துவர வேண்டும். நேரே படுவது ஆவி மட்டும். வெந்நீர் ஆவி பிடிப்பது அதனால்தான் சுகம் தருகிறது. கொத்தமல்லி அவித்த தண்ணீர், பனங்கற்கண்டு எல்லாம் குடியுங்கள், இதமாக இருக்கும். ஆனால் அவை தொண்டைக் கட்டைக் கரைக்கும் மருந்து என்று நம்பி, கரகரத்த குரலோடு பாடிவிடாதீர்கள்.

குசுகுசுத்துப் பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நினைக்கிறார்கள். பலருக்கு அது குரல்நாண்களை இன்னும் இறுக்கும். ஓய்வு என்றால் பேசாமல் இருப்பதுதான். இரவு ஒத்திகை முடிந்து கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் வயிற்று அமிலம் மேலே வந்து காலையில் குரல் தடிக்கும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் குரல்நாண்கள் சற்று வீங்கி உச்ச சுரம் பாரமாகும் பெண்களும் உண்டு. அந்த நாட்களைக் குறித்து வைத்து, கடும் ஒத்திகையை நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது பகலில் ரியூஷன் வகுப்பில் கத்திவிட்டு இரவில் பாட வருகிற இளம் ரீச்சர்மார். அவர்களின் குரல் கெடுவது பாட்டால் இல்லை, பகல் முழுக்கக் கத்துவதால்தான். வகுப்பில் ஒரு சின்ன ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளுங்கள். அது ஆடம்பரம் இல்லை, உங்கள் தொழிற்கருவி.

கரகரப்பு இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நின்றால் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போய்க் குரல்நாண்களைக் கருவியால் பார்க்கச் சொல்லுங்கள். குரல்நாணில் சின்ன முடிச்சு இருக்கிறது என்று சொன்னால் வாழ்க்கை முடிந்துவிட்டதென்று அழ வேண்டாம். பெரும்பாலானவை பேச்சுச் சிகிச்சையாளரிடம் பழக்கத்தைத் திருத்திக்கொள்வதாலேயே குணமாகும், கத்தி தேவைப்படாது.

இதில் சம்பாதிக்க முடியுமா?

கொழும்பில் தமிழ் இசை நாடகம் ஒன்றால் மட்டும் வீட்டு வாடகை கட்டுகிற ஒருவரையும் எனக்குத் தெரியாது. சிங்கள, ஆங்கில மேடையிலும் பெரும்பாலானோருக்கு இன்னொரு வேலை இருக்கிறது. இங்கே ஒரு நாடகம் சில நாட்கள்தான் ஓடும். டிக்கெட் காசில் மண்டபம், ஒலி, ஒளி, உடை, வாத்தியக்காரர் எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம்.

ஆனால் இந்தக் கலையைப் படித்த குரலுக்கு வேலை உண்டு. பாட்டு வகுப்பு, பள்ளி ஆண்டு விழா நாடகங்களைப் பழக்குவது, வானொலி விளம்பரம், தொலைக்காட்சித் தொடர்களுக்குக் குரல் கொடுப்பது, கலியாண வரவேற்பில் பாடுவது. அரச பள்ளியில் சங்கீத ஆசிரியராகவோ நாடக ஆசிரியராகவோ போனால் மாதச் சம்பளம் வரும், பின்னேரம் ஒத்திகைக்கும் கைவசம் இருக்கும். என் மாணவிகளுக்கு நான் மனதார முன்வைப்பது இந்த வழியைத்தான். வேறு வேலை பார்ப்பதால் நீங்கள் பாதிக் கலைஞர் ஆகிவிடமாட்டீர்கள்.

எந்த வேலைக்கும் தொகை, திகதி, பயணச் செலவு மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது இருக்க வேண்டும். "அடுத்த முறை பார்த்துச் செய்வோம்" என்று சொல்கிறவரிடம் இந்த முறையே கேளுங்கள்.

லண்டன், நியூயோர்க் மேடை எங்களுக்கு எட்டுமா?

ஆசியப் பெண்ணுக்கு எட்டும் என்று காட்டியவர் பிலிப்பைன்ஸின் லியா சலோங்கா. 1971இல் மணிலாவில் பிறந்து, ஏழு வயதில் அங்கேயே உள்ளூர்க் குழு ஒன்றில் மேடையேறினார். லண்டன் தயாரிப்பாளர்கள் 'மிஸ் சைகோன்' நாடகத்துக்கு ஆள் தேடி மணிலா வந்தபோது, உள்ளூரில் பத்து வருடம் பாடி நடித்த பயிற்சியோடு அந்தப் பிள்ளை தயாராக நின்றது. 1989இல் லண்டனில் நாடகம் தொடங்கும்போது அவருக்கு 18 வயது. லண்டனில் ஒலிவியர் விருது, நியூயோர்க்கில் 1991இல் டோனி விருது இரண்டும் கிடைத்தன. டிஸ்னியின் 'அலாதீன்' படத்தில் ஜாஸ்மினுக்குப் பாடிய குரலும் அவருடையது. கொழும்புப் பிள்ளைகள் இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது அந்தப் பத்து வருடத்தை.

எங்கள் ஊரிலிருந்து போனவரும் உண்டு. கொழும்பில் வளர்ந்த ஹிரான் அபேசேகர லண்டன் ராடா நாடகப் பள்ளியில் படித்து 2022இல் சிறந்த நடிகருக்கான ஒலிவியர் விருது வாங்கினார். அது பாட்டு நாடகம் இல்லைதான், ஆனால் வழி அதே வழி.

லண்டனிலும் நியூயோர்க்கிலும் கிழமைக்கு எட்டுக் காட்சி வழக்கம், ஆறு நாளில். ஒரே பாட்டை எட்டுத் தரம் குரல் கெடாமல், புதிதாகப் பாட வேண்டும். படிப்பு பெரும்பாலும் மூன்று வருடப் பட்டம், வெளிநாட்டு மாணவர் கட்டணம் பெரிது. வீட்டை ஈடு வைத்துப் போகும்முன், இங்கே இரண்டு மூன்று தயாரிப்புகளில் முழுதாக நின்று பாருங்கள். புலம்பெயர்ந்த உறவுகள் இருக்கிற நாடுகளிலும் தமிழ் மேடைகள் உண்டு, அவையும் உங்கள் மேடைகள்தான்.

நாங்களே ஒரு தமிழ் இசை நாடகம் போட நினைக்கிறோம். எங்கே தொடங்குவது?

நல்ல காரியம். முதலில் உரிமை. புகழ்பெற்ற ஆங்கில இசை நாடகத்தை எடுத்துத் தமிழாக்கிப் போட உரிமையாளரின் அனுமதி வேண்டும், மொழிபெயர்க்கத் தனி அனுமதி வேண்டும், ஒவ்வொரு காட்சிக்கும் பணம் கட்ட வேண்டும். கேட்காமல் போடுவது களவு. இலங்கைச் சட்டத்தில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை நிற்கும். 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களுக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. வள்ளியும் பவளக்கொடியும் யாருக்கும் காசு கட்டாமல் உங்களுக்குக் கிடைக்கிறார்கள். அவர்களை இன்றைய பெண்ணின் கண்ணால் பார்த்துப் புது மெட்டில் சொல்லுங்கள். நான் ஆவலோடு காத்திருப்பது அப்படியான ஒரு நாடகத்துக்காகத்தான்.

அப்புறம் அனுமதி. பொது மேடையில் போடும் பிரதியை அரச சபைக்குக் காட்டி அனுமதி வாங்கும் முறை 1912ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. பிரதியை முன்கூட்டியே கொடுங்கள். டிக்கெட் விற்பதானால் மாநகர சபையில் கேளிக்கை வரி பற்றியும் விசாரியுங்கள்.

மண்டபம் சின்னதாக இருக்கட்டும். ஓர் ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், ஒரு வயலின், ஆறு நடிகர் போதும். தலைமுடியோரத்தில் ஒட்டுகிற ஒலிவாங்கிகளுக்குப் பணம் இல்லையென்றால், ஒலிவாங்கியே இல்லாமல் கேட்கிற அளவு மண்டபத்தை எடுங்கள். ஆட்கள் குரலை நேரே கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

கலியாணத்துக்குப் பிறகு முடியுமா? எனக்கு நாற்பது வயதாகிறது, இனித் தொடங்கலாமா?

கலியாணம் பேசும்போதே சொல்லிவிடுங்கள். "இவள் மேடையில் பாடி நடிப்பவள், அதை விடமாட்டாள்" என்று பெண் வீட்டார் முதல் நாளில் சொன்ன இடங்களில் பிறகு சண்டை குறைவு என்பதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை பிறந்த பிறகு வயிற்றுத் தசைகள் பழைய பலத்துக்கு வர மாதங்கள் ஆகும். டாக்டர் சரியென்ற பிறகு மூச்சுப் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள்.

நாற்பதில் தொடங்கலாம். இசை நாடகங்களில் தாய், அரசி, கிழவி, சூழ்ச்சிக்காரி என்று கனமான பாத்திரங்கள் நிறைய, அவற்றுக்கு ஆள் கிடைக்காமல் இருபது வயதுப் பிள்ளைக்கு நரை பூசி விடுகிறோம். 1953இல் ஒளவையாராகத் திரையில் வந்தபோது சுந்தராம்பாளுக்கு 44 வயது. குரல் இந்த வயதில் கொஞ்சம் கீழே இறங்கித் தடித்திருக்கும். பழைய சுருதியைத் துரத்தாமல் அரைக் கட்டை இறக்கி வையுங்கள்.

ஒரு பாட்டைத் தெரிந்தெடுத்து, யாரிடம் பாடுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதி, வசனமாகப் பேசிப் பழகி வாருங்கள். ஆர்மோனியம் என்னிடம் இருக்கிறது.